திறந்தது வேறு, வந்தது வேறு

2023 ஜூலை. டெல்டா மாவட்டம் ஒன்றில் அரசு அலுவலகத்துக்குச் செய்திக் குறிப்பு எழுதும் பொறுப்பில் இருந்தேன். ஜூன் 12ஆம் தேதி, வழக்கமான நாளிலேயே மேட்டூர் அணை திறந்துவிட்டது. அந்தத் தெம்பில், வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருக்கும் கடைமடைக்காரர்களும் குளத்துத் தண்ணீரை இறைத்துக் குறுவை நெல்லுக்கு நாற்று விட்டிருந்தார்கள். நான் எழுதிய குறிப்பு ஒன்றில் இப்படி ஒரு வரி இருந்தது: "கடைமடை வரை தண்ணீர் சென்று சேர்ந்துள்ளது." மறுநாள் நாளிதழ்களில் அப்படியே அச்சானது.

அன்று காலை பெரியவர் ஒருவர் அந்தப் பக்கத்தை மடித்து எடுத்துக்கொண்டு வந்தார். "இதை எழுதியது யாரம்மா?" என்றார். நான்தான் என்றேன். துணிப்பையிலிருந்து ஒரு பிடி நாற்றை எடுத்து என் மேஜையில் வைத்தார். நுனி பழுத்திருந்தது. வேரோடு ஒட்டியிருந்த மண்கட்டி விரல் பட்டதும் பொடிந்து கோப்பின் மேல் கொட்டியது. "எங்கள் வாய்க்காலில் ஆடு மேய்கிறது. ஒருநாள் வந்து பாருங்கள்" என்று மட்டும் சொன்னார். சத்தம் போட்டிருந்தால் சமாதானம் சொல்லி அனுப்பியிருப்பேன். அவர் சத்தம் போடவில்லை.

பிற்பகல் பஸ் ஏறிப் போனேன். மதகுக்குக் கீழே வெங்காயத் தாமரை காய்ந்து சருகாகக் கிடந்தது. வாய்க்கால் தரையில் இருந்த வெடிப்பில் என் சுட்டுவிரல் முழுதாக உள்ளே போனது. மதகுகளைத் திறந்து மூடும் பணியாளரான அந்தப் பகுதி லஸ்கர்தான் எனக்குப் பாடம் நடத்தினார். ஆற்றுநீரைப் பிரித்து விடும் ரெகுலேட்டரில் தண்ணீர் திறந்தது உண்மை. ஆனால் மாதக்கணக்கில் காய்ந்த ஆற்று மணல் முதலில் குடிக்கும். பிறகு மேல்மடை வயல்கள் வாங்கும். கல்லணையில் பிரியும் வெண்ணாறு நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பு என்ற இடத்தில் மறுபடி மூன்றாகப் பிரிகிறது. அங்கே முறை வைத்துத் தண்ணீர் விட்டால் ஒரு பக்கம் ஓடும்போது இன்னொரு பக்கம் குறையும். இத்தனையும் கடந்து மிஞ்சுவதுதான் கடைமடைக்கு. அங்கே நிலத்தடி நீர் உப்பு. போர்வெல் போட்டுத் தப்பிக்கவும் முடியாது.

ரெகுலேட்டரில் திறந்த கன அடிக் கணக்கை வைத்துக்கொண்டு, வயலுக்கு வந்த தண்ணீரைப் பற்றி எழுதியிருக்கிறேன். திறந்தது வேறு, வந்தது வேறு. பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்து எழுதவில்லை. ஆனால் வாடிய நாற்றைக் கையில் வைத்திருப்பவருக்கு அந்த வித்தியாசம் எதற்கு?

திருத்தம் வெளியிட வேண்டும் என்று மேலதிகாரியிடம் கேட்டேன். "திருத்தம் போட்டால் நாம் சொன்னது பொய் என்று ஆகிவிடுமே" என்றார். அவர் தயக்கம் எனக்குப் புரிந்தது. ஆண்டுக்கணக்கில் எங்கள் துறையில் எல்லோரும் அப்படித்தான் பழகியிருக்கிறோம். கைப்பேசியில் எடுத்த வாய்க்கால் படத்தைக் காட்டினேன். ஊருக்கு ஏற்கெனவே தெரிந்ததை நாம் ஒப்புக்கொள்வதால் போவது ஒன்றுமில்லை என்றேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவையும் எடுத்து வைத்தேன். யாரும் கேட்காமலேயே தகவலை மக்கள் முன் வைக்க வேண்டும் என்று 2005லேயே சொல்லிவிட்ட சட்டம் அது. மூன்றாம் நாள் கையெழுத்துக் கிடைத்தது. திருத்தம் மொத்தம் நான்கே வரி. இரண்டு நாளிதழ்கள் உள்பக்கத்தில் போட்டன.

அதோடு முடித்திருந்தால் வீண். அடுத்துச் செய்ததுதான் உண்மையான வேலை. தினமும் மாலை நான்கு மணிக்கு லஸ்கர்களை அழைத்து, வாய்க்கால் வாரியாக ஒரு நோட்டில் குறித்துக்கொண்டேன்: தண்ணீர் எந்த மதகு வரை வந்திருக்கிறது, எது இன்னும் காய்ந்து கிடக்கிறது, அடுத்த முறை என்றைக்கு. ஐந்து மணிக்கு அது கூட்டுறவுச் சங்கப் பலகைகளில் சாக்பீஸால் ஏறும். கோயில், பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளிலும் வாசித்தார்கள். பழைய குறிப்புகளை எடுத்து வைத்து, "போர்க்கால அடிப்படையில்", "விரைவில்", "உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது" ஆகிய சொற்களை ஒவ்வொன்றாக அடித்தேன். அவை போனதும் சில குறிப்புகளில் எதுவுமே மிஞ்சவில்லை. அந்த இடத்தில் தேதியும் மதகின் பெயரும் எழுத வேண்டும் என்றால், யாரிடமாவது கேட்டாக வேண்டும். அரசு எழுத்தில் தேதி இருக்க வேண்டிய இடத்தில்தான் "விரைவில்" வந்து உட்கார்ந்துகொள்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆகஸ்டில் மேட்டூர் நீர்மட்டம் சரியச் சரிய, பலகையில் நல்ல செய்தி குறைந்துகொண்டே போனது. ஒருநாள் எழுத எதுவும் கிடைக்கவில்லை. பலகையைக் காலியாக விடலாம் என்று உதவியாளர் சொன்னார். "இன்று புதிதாகத் தகவல் இல்லை. நாளை மாலை 5 மணிக்கு மீண்டும் எழுதுகிறோம்" என்று எழுதச் சொன்னேன். மறுநாள் ஐந்து மணிக்கு அந்தப் பலகையின் முன் இருபது பேராவது நின்றிருந்தார்கள் என்று சங்கச் செயலாளர் போனில் சொன்னார். தண்ணீர் வரவில்லை என்ற செய்தியைத்தான் அன்றும் எழுதினோம். திட்டினார்கள். ஆனால் பலகையை யாரும் அழிக்கவில்லை.

அந்தப் பெரியவரின் குறுவை போய்விட்டது. என் திருத்தம் அதைக் காப்பாற்றவில்லை. இதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

2024 நவம்பர் கடைசி வாரம் டெல்டாவில் கொட்டிய மழையில் சம்பா வயல்கள் மூழ்கிக் கிடந்தன. ஓர் இரவு பத்தரை மணிக்குக் கைப்பேசி அடித்தது. அதே பெரியவர்.

"அம்மா, ஆற்றுக்கரை உடைந்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரல் சுற்றுகிறது. தெருவே மூட்டை கட்டுகிறது. உண்மையா?"

"எனக்கு இன்னும் தெரியாது ஐயா. கரையில் இருப்பவர்களிடம் கேட்டுவிட்டுப் பதினொன்றுக்குள் அழைக்கிறேன்."

இரண்டு லஸ்கர்களும் ஒரு உதவிப் பொறியாளரும் கரையிலேயே நின்றிருந்தார்கள். தண்ணீர் விளிம்புக்கு ஓரடி கீழே, ஓரிடத்தில் கசிவு, மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். உடைப்பு இல்லை. பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அழைத்து, கசிவையும் சேர்த்தே சொன்னேன். விடியும் வரை மணிக்கு ஒருமுறை தகவல் தருவதாகவும் சொன்னேன்.

மறுமுனையில் அவர் யாரையோ கூப்பிடுவது கேட்டது. "மாட்டை அவிழ்க்க வேண்டாம். பன்னிரண்டு மணிக்கு அந்த அம்மா மறுபடி சொல்லும்."