ஆழ்பாறை ராஸ் மீன்: மாதிரிக் குறிப்புகள்

மார்ச் 4
அகாந்தோலாப்ரஸ் பல்லோனி. 1810இல் இயற்கையியலாளர் ரிஸ்ஸோ விவரித்த இனம்; அதன் பேரினத்தில் வேறு இனம் கிடையாது. கிழக்கு அட்லாண்டிக்கிலும் மத்தியதரைக் கடலிலும் பாறைத் தரையை ஒட்டி, 30 முதல் 500 மீட்டர் ஆழம் வரை வாழ்கிறது. ராஸ் குடும்பத்தில் பெரும்பாலானவை வெளிச்சம் விழும் நீரை விட்டு இறங்குவதில்லை.

மார்ச் 5
இனம் பிரிக்கும்போது புள்ளியை மட்டும் நம்பவே கூடாது. வாலடியின் மேல்விளிம்பில் கரும்புள்ளி, ஆழம் குறைந்த நீரில் வாழும் க்டெனோலாப்ரஸ் ரூபெஸ்ட்ரிஸுக்கும் உண்டு. வலையில் உரசினால் புள்ளி மங்கியும் போகும். குதத்துடுப்பைப் பிரித்து முட்களை எண்ணுங்கள்: 3 என்றால் ரூபெஸ்ட்ரிஸ், 4 முதல் 6 என்றால் பல்லோனி. முதல் முள் குட்டையாகத் தோலுக்குள் புதைந்திருக்கலாம், ஊசிமுனையால் தடவிப் பார்க்க வேண்டும். முதுகுத்துடுப்பின் கறையும் உதவும். ரூபெஸ்ட்ரிஸுக்கு அது முன்பக்கம், பல்லோனிக்கு முட்பகுதி முடியும் இடத்தில்.

மார்ச் 6
200 மீட்டரில் அழுத்தம் சுமார் 21 வளிமண்டலம். இந்த மீனின் காற்றுப்பை வாயோடு இணையாத மூடிய பை. தூண்டிலோடு மேலே வரும்போது 95 மீட்டரில் வாயு இருமடங்காகிறது. கடைசி 10 மீட்டருக்குள்ளேயே இன்னும் ஒருமுறை இரட்டிக்கிறது. கண் பிதுங்குவதும் வயிறு உப்புவதும் இதனால்தான். அப்படி உப்பியதை நீர்மட்டத்தில் விட்டால் மிதந்தே சாகும். எடைகட்டி ஆழத்துக்கு இறக்கி விடுவதே சரி.

மார்ச் 7
மாதிரியைப் பதப்படுத்துவதில் வரிசை முக்கியம். முதலில் இடப்பக்கத்தைப் படம் எடுங்கள், நிறம் வேகமாகப் போய்விடும். அடுத்து வலப்பக்கத் துடுப்பில் ஒரு துண்டு வெட்டி 95% எத்தனாலில் போடுங்கள். உடலைப் பதப்படுத்தும் திரவமான ஃபார்மலின் பட்டபின் டி.என்.ஏ. சிதைந்துவிடும். வயதுக் கணிப்புக்குச் செவிக்கல் (உள்காதில் இருக்கும் சிறு கல்) வேண்டுமென்றால் அதையும் இப்போதே எடுக்கவும். அமிலமேறிய ஃபார்மலின் அதைக் கரைத்துவிடும், அமிலத்தன்மையைக் குறைக்கும் போராக்ஸ் உப்பைக் கலப்பதும் அதற்காகவே.
கடையில் வரும் ஃபார்மலின் 1 பங்கு, நீர் 9 பங்கு. வயிற்றின் வலப்பக்கம் சிறிது கீறினால்தான் உள்ளுறுப்பு அழுகாது. இரை ஆய்வு செய்பவர்கள் குடல் முழுவதையும் எடுக்க வேண்டும். ராஸ் மீன்களுக்கு இரைப்பை கிடையாது.

மார்ச் 17
ஃபார்மலினில் 10 நாள் முடிந்தது. இரண்டு நாள் நீர் மாற்றி ஊறவைத்து, பிறகு 30%, 50%, 70% எத்தனால். நேராக 70%இல் போட்டால் உடல் சுருங்கி அளவு பிசகும். சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை எத்தனாலில் கரையும்.