கண்மாய்க்கு ஆறு ஏக்கர் எங்கிருந்து வந்தது? கியூஜிஐஎஸ் கற்பித்த அனுபவம்

வரைபட மென்பொருள் கற்கத் தொடங்குகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த மெனுவிலிருந்து தொடங்க வேண்டும் என்பதுதான். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஓர் இடத்திலிருந்து தொடங்குங்கள் என்று சொல்வேன். ஊர்க் கண்மாய், பள்ளித் திடல், அப்பா பெயரில் பட்டா இருக்கும் வயல், எதுவானாலும் சரி. ஆனால் அதன் பரப்பு எவ்வளவு என்பது ஒரு காகிதத்தில் உங்கள் கையில் இருக்க வேண்டும். அந்தக் காகிதம் இல்லாமல் வகுப்புக்கு வருகிறவர்களை அன்று மாலைக்குள் ஊருக்குப் போன் செய்து கேட்டு எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்.

இந்த வழக்கம் எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. நீர்வடிப்பகுதித் திட்டங்களில் வேலை செய்யும் களப்பணியாளர்களுக்கும், பாசன வேலைகளில் இருக்கும் இளம் பொறியாளர்களுக்கும் கியூஜிஐஎஸ் சொல்லித்தருகிறேன். 2002இல் கேரி ஷெர்மன் தொடங்கி, இன்று உலகெங்கும் பலர் சேர்ந்து வளர்க்கும் கட்டற்ற வரைபட மென்பொருள் அது. உரிமத்துக்குப் பணம் கட்ட வேண்டாம் என்பதால் சிறிய அமைப்புகளுக்கு இதைவிட நல்ல கருவி இல்லை என்பது என் உறுதியான எண்ணம். முதல் சில வகுப்புகளை மென்பொருளின் வரிசையிலேயே நடத்தினேன். கோப்பைத் திறப்பது, அடுக்குகளை, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் வரைபடத் தரவுகளை, சேர்ப்பது, நிறம் கொடுப்பது, அச்சிடுவது என்று மூன்று நாள். மூன்றாம் நாள் மாலை எல்லார் கையிலும் அழகான வண்ண வரைபடம் இருந்தது. அது சரியா தவறா என்று சொல்லத் தெரிந்தவர் அந்த அறையில் யாரும் இல்லை.

ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த ஓர் அக்காதான் இதை எனக்கு உணர்த்தினார். கண்மாய்ப் பாசனப் பணியில் பல ஆண்டு அனுபவம் உள்ளவர்; கணினியில் மட்டும் புதியவர். செயற்கைக்கோள் படத்தைப் பின்புலமாக வைத்துத் தன் ஊர்க் கண்மாயின் எல்லையைப் பொறுமையாக வரைந்திருந்தார். பரப்பைக் கணக்கிட்டு அட்டவணையில் சேர்த்ததும் 84 ஹெக்டேர் என்று வந்தது. பிறகு அவராகவே அளவுகோல் கருவியை எடுத்து அதே எல்லையை இன்னொரு முறை சுற்றி வந்தார். அது 81.5 என்றது. இரண்டையும் நோட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, கழித்து, ஏக்கராக மாற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டார். "சார், இந்தக் கண்மாய்க்கு ஆறு ஏக்கர் எங்கிருந்து வந்தது?"

எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. அன்று இரவு உட்கார்ந்து பார்த்தபோதுதான் விளங்கியது. செயற்கைக்கோள் படத்தை முதல் அடுக்காகத் திறந்ததால் திட்டம் முழுவதும் வெப் மெர்கேட்டர் முறைக்கு, அதாவது உருண்டைப் பூமியைத் தட்டையாக விரித்துக் காட்டும் இணைய வரைபட முறைக்கு (குறியீடு இ.பி.எஸ்.ஜி. 3857), போய்விட்டது. அவர் வரைந்த அடுக்கும் அதே முறையில் உருவானது. பரப்பைக் கணக்கிட நான் சொல்லிக்கொடுத்த 'ஏரியா' என்ற செயற்கூறு (கணக்குப் போடும் ஆயத்தச் சூத்திரம்), தாளில் வரைந்த வடிவத்தை அளப்பதுபோல அந்தத் தட்டையான கட்டத்திலேயே அளந்துவிடும். அளவுகோல் கருவியோ பூமியின் வளைவைக் கணக்கில் எடுத்து அளக்கும். டாலர் குறியோடு தொடங்கும் 'ஏரியா' என்ற இன்னொரு செயற்கூறும், திட்ட அமைப்பில் நீள்கோளம், அதாவது பூமியின் சற்றே தட்டையான உருண்டை வடிவம், குறிக்கப்பட்டிருந்தால், அப்படித்தான் அளக்கும். ஒரு குறி வித்தியாசத்தில் ஆறு ஏக்கர்.

இதில் நம் ஊருக்கே உரிய ஓர் ஆபத்து இருக்கிறது. வெப் மெர்கேட்டரில் நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலகப் பரப்பு ஊதிக்கொண்டே போகும். லண்டனில் ஒரு பூங்காவை இப்படி அளந்தால் இரண்டரை மடங்குக்கு மேல் வரும். சிறு பிள்ளைகூடத் தவறு என்று சொல்லிவிடும். மதுரையில் 3 முதல் 4 சதவீதம்தான் கூடும், சென்னையில் ஏறக்குறைய 6 சதவீதம். யாருக்கும் சந்தேகம் வராத அளவு அது. மேலை நாட்டுப் பாடப் பதிவுகளைப் பார்த்து மட்டும் கற்றால் இந்த நுட்பம் நம் கண்ணில் படாமலே போகும், ஏனென்றால் அவர்களிடம் இந்தப் பிழை தானாகவே காட்டிக்கொடுத்துவிடுகிறது. நூறு ஹெக்டேர்க் கண்மாயில் 3 ஹெக்டேர் என்பது ஏழு ஏக்கருக்கு மேல். ஆக்கிரமிப்பு வழக்கு நடக்கும் ஊரில் அந்த ஏழு ஏக்கர் யாரோ ஒருவருடைய வயலாக இருக்கும்.

அன்றிலிருந்து என் வகுப்பை இரண்டே சொற்களில் பிரித்து வைத்திருக்கிறேன்: சத்தம் போடும் பிழை, சத்தம் போடாத பிழை. சத்தம் போடும் பிழைக்கு அஞ்ச வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். அவற்றை வேண்டுமென்றே செய்தும் பார்க்க வைப்பேன். அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் மாற்றிக் கொடுங்கள். தமிழ்நாட்டுக் கிணறுகள் எல்லாம் ஆர்க்டிக்கில் ஸ்வால்பார்ட் தீவுகளின் பக்கம் போய் விழும். கிடை அச்சுக்குத் தீர்க்கரேகை, அதாவது 78ஐ ஒட்டிய எண், செங்குத்துக்கு அட்சரேகை என்பதை அதற்குப் பிறகு யாரும் மறப்பதில்லை. பாகையில் இருக்கும் அடுக்குக்கு 500 என்று பஃபர், அதாவது சுற்றிலும் குறிப்பிட்ட தொலைவுக்கு ஒரு வளையம், கொடுத்தால் 500 மீட்டருக்குப் பதிலாக 500 பாகை என்று எடுத்துக்கொண்டு உலகையே மூடிவிடும். இவையெல்லாம் நல்ல பிழைகள். கண்ணுக்குத் தெரிகின்றன, சிரித்துக்கொண்டே திருத்திவிடலாம்.

ஆயத்தொலை முறையை, அதாவது ஓர் இடத்தை எண்களால் குறிக்கும் முறையை, சொல்லிக்கொடுக்கும் இடத்தில்தான் பெரும்பாலான பயிற்சியாளர்கள் அவசரப்படுகிறார்கள் என்பது என் கருத்து. அங்கே அரை நாள் செலவழியுங்கள். தமிழ்நாட்டுக்கு இது ஏட்டுப் பாடமே இல்லை. 78 பாகை தீர்க்கரேகை நம் மாநிலத்தின் நடுவே போகிறது. உலகை ஆறு பாகை அகல மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யு.டி.எம். முறையில் அந்தக் கோட்டுக்கு மேற்கே 43ஆம் மண்டலம், கிழக்கே 44. கோவையும் திருநெல்வேலியும் 43இல். சென்னையும் மதுரையும் தூத்துக்குடியும் 44இல். திண்டுக்கல் மாவட்டத்தில் பழனி ஒரு மண்டலம், நத்தம் இன்னொன்று. மதுரைத் தரவின் மேல் 43 என்று தவறாகக் குறித்துவிட்டால் வைகைக் கரைப் புள்ளிகள் அரபிக்கடலில் லட்சத்தீவுப் பக்கம் மிதக்கும்.

அந்த இடத்தில் புதியவர்கள் செய்யும் ஒரு காரியம்தான் மிக மோசமானது. அடுக்கின் முறையைக் குறிக்கும் கட்டளை ஒன்று; அடுக்கை வேறு முறைக்கு மாற்றிக் கணக்கிடும் கட்டளை வேறொன்று. பலரும் முதலாவதை இரண்டாவது என்று நினைத்துக்கொள்கிறார்கள். இதை விளக்கப் பல உவமைகள் சொல்லிப் பார்த்தேன், எதுவும் நிற்கவில்லை. கடைசியில் கரும்பலகையில் '5 ஏக்கர்' என்று எழுதினேன். 'ஏக்கர்' என்பதை அடித்துவிட்டு 'ஹெக்டேர்' என்று எழுதி, "நிலம் இப்போது மாறிவிட்டதா?" என்று கேட்டேன். அடுத்த வரியில் '5 ஏக்கர் = 2.02 ஹெக்டேர்' என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். முதலாவது பெயரை மட்டும் மாற்றுகிறது, இரண்டாவது எண்ணையே மாற்றுகிறது. அறை முழுக்கத் தலையசைத்தது. நிலத்தோடு பழகியவர்களுக்கு நில அளவிலிருந்தே சொல்ல வேண்டும்.

பழைய நிலவரைபடத் தாள்களைக் கொண்டு வருகிறவர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் எச்சரிக்கை. 1802இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே சங்கிலியால் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் முக்கோண அளவை, பின்னால் எவரெஸ்ட் நீள்கோளம் என்ற அடிப்படையில் நின்றது. நம் கைபேசியின் ஜி.பி.எஸ். டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற வேறோர் அடிப்படையில் பேசுகிறது. தாளின் ஓரத்தில் எது எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் பொருத்தினால், தாளில் உள்ள கோயிலும் படத்தில் உள்ள கோயிலும் விலகி நிற்கும்.

சத்தம் போடாத பிழைகளில் எனக்கு மிகவும் கோபம் வரவழைப்பது எக்செல்லில் நடப்பது. புல எண் 12இல் உட்பிரிவு 3 என்றால் நாம் 12/3 என்று எழுதுவோம். எக்செல் அதைத் தேதி என்று நினைத்து 12 மார்ச் ஆக்கிவிடும். 45/2 தேதியாக முடியாததால் அப்படியே நிற்கும். ஆக, ஒரே நெடுவரிசையில் சில எண்கள் மாறியும் சில மாறாமலும் இருக்கும். ஆயிரம் வரிகளில் கண்ணை ஓட்டினால் தெரியாது. வரைபடத்தோடு அந்த அட்டவணையை இணைத்த பிறகு, சில வயல்கள் மட்டும் வெறுமையாக நிற்கும். பயிற்சி பெறுகிறவர் தன்மேல்தான் குறை என்று நினைத்துக்கொள்வார். இதற்கு மருந்து மிக எளிது. தட்டச்சு செய்வதற்கு முன்பே அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிட வேண்டும். தட்டிய பிறகு மாற்றினால் பயனில்லை. மார்ச் மார்ச்சாகவோ வெறும் எண்ணாகவோதான் இருக்கும். சி.எஸ்.வி. கோப்பை, அதாவது காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணைக் கோப்பை, கியூஜிஐஎஸ்ஸில் திறக்கும்போதும், நெடுவரிசைகளின் வகையைத் தானே கண்டுபிடிக்கும் வசதி இருக்கிறது. கிராமக் குறியீட்டில் முன்னால் பூஜ்யம் இருந்தால் அதை நம்பாமல் நாமே 'டெக்ஸ்ட்' என்று தேர்ந்தெடுப்பது நல்லது. இணைப்பை ஊர்ப் பெயரை வைத்துச் செய்ய வேண்டாம். ஆங்கிலத்தில் ஒரே ஊருக்கு மூன்று எழுத்துக்கூட்டு இருக்கும் நாடு இது. குறியீட்டெண்ணை வைத்து இணையுங்கள்.

தமிழில் பெயரிட விரும்புகிறவர்களுக்கு ஒன்று. வரைபடத் தரவைச் சேமிக்கும் ஷேப்ஃபைல் முப்பது ஆண்டுக்கும் மேற்பட்ட பழைய கோப்பு வடிவம். அதில் நெடுவரிசைப் பெயருக்குப் பத்து பைட்டுதான் இடம். யுனிகோடில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட்டு வேண்டும், புள்ளிக்கும் தனியாக மூன்று. 'கண்மாய்' என்ற சொல்கூட அங்கே முழுதாக நிற்காது. ஜியோபேக்கேஜ் என்ற ஒற்றைக் கோப்பு வடிவத்தைத் தொடக்கத்திலேயே பழக்கிவிடுங்கள். ஷேப்ஃபைலில் ஒரு கோப்பு என்று நினைத்து ஒன்றை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, அதனோடு சேர்ந்த மற்றவற்றை விட்டுவிடும் தொல்லையும் இதில் இல்லை.

ஒரு முறை ஓர் இளைஞர் காலையிலிருந்து மாலை வரை அறுபதுக்கும் மேற்பட்ட வயல்களை வரைந்தார். திட்டத்தை அவ்வப்போது சேமித்தார், ஒழுங்கான பையன். மறுநாள் திறந்தபோது வயல்கள் எதுவுமே இல்லை. அவர் வரைந்தது தற்காலிக அடுக்கில். திட்டக் கோப்பு எந்த அடுக்கு எங்கே இருக்கிறது என்ற முகவரியைத்தான் வைத்துக்கொள்ளும், வரைந்ததை வைத்துக்கொள்ளாது. மூடும்போது மென்பொருள் ஓர் எச்சரிக்கை காட்டும்தான், பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் அதை யார் படிப்பார்கள்? அவர் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அடுக்கின் பெயருக்குப் பக்கத்தில் நினைவகச் சில்லு போன்ற ஒரு சிறு குறி தெரிந்தால் அது தற்காலிகம் என்று பொருள். அதைச் சொடுக்கி உடனே கோப்பாக்கிவிடலாம். உணவு இடைவேளைக்கு எழுந்திருக்கும் முன் அந்தக் குறி இருக்கிறதா என்று எல்லாரையும் பார்க்கச் சொல்வது இப்போது என் வகுப்பின் கட்டாய விதி.

கைப்பழக்கம் பற்றியும் சொல்ல வேண்டும். மவுஸ் இல்லாமல் வராதீர்கள்; மடிக்கணினியின் தொடுபலகையில் வயல் வரம்பை வரைவது விரலுக்கும் பொறுமைக்கும் தண்டனை. வரையும்போது இடப்பட்டையை அழுத்திக்கொண்டால் படத்தை நகர்த்தலாம், பேக்ஸ்பேஸ் கடைசிப் புள்ளியை நீக்கும், வலப்பக்கச் சொடுக்கு வடிவத்தை முடிக்கும். இந்த மூன்றும் விரலுக்குப் பழகிவிட்டால் வேலை பாதியாகிவிடும். இரண்டு வயல்கள் ஒரே வரப்பைப் பகிர்கின்றன என்றால் ஒட்டிக்கொள்ளும் வசதியை, அதாவது ஸ்னாப்பிங்கை, இயக்கிவிட்டு வரையுங்கள். இல்லாவிட்டால் நடுவே நூலிழை போன்ற இடைவெளிகள் விழும். பிறகு அவற்றைத் தேடித் தேடி மூடுவது பெரும்பாடு. எல்லாக் கணினியிலும் ஒரே பதிப்பை, நீண்டகால ஆதரவுப் பதிப்பை, முன்கூட்டியே நிறுவிவிடுங்கள். தரவை பென்டிரைவில் கொண்டுபோங்கள். இணையத்தை நம்பி ஒரு வகுப்பைக்கூடத் திட்டமிடாதீர்கள்.

கடைசி நாள் ஒரு தேர்வு வைக்கிறேன். அழகான வரைபடம் வரையச் சொல்வதில்லை. ஒரு கோப்புறையைக் கொடுத்து, இதில் ஐந்து தவறுகள் ஒளிந்திருக்கின்றன, ஒரு மணி நேரத்தில் கண்டுபிடியுங்கள் என்பேன். இடம் மாறிய அட்சரேகை, தவறான மண்டலம், தேதியாகிவிட்ட புல எண், மாற்றாமல் பெயர் மட்டும் திருத்திய அடுக்கு, மூன்று சதவீதம் கூடிய பரப்பு. முதல் இரண்டை எல்லாரும் பிடித்துவிடுவார்கள். ஐந்தாவதை முதல் நாளில் காகிதத்தோடு வந்தவர்களே பெரும்பாலும் பிடிக்கிறார்கள். தன் ஊர்க் கண்மாயின் அளவை மனத்தில் வைத்திருப்பவருக்குக் கணினி சொல்லும் எண்ணைத் தட்டிப் பார்க்கும் துணிவு தானாக வருகிறது. தேர்வில் அடுத்தவரிடம் கேட்கலாம், நோட்டைப் பார்க்கலாம். வேலையிலும் அப்படித்தானே செய்யப்போகிறோம்.

வகுப்பு முடிந்து இரண்டு வாரம் கழித்து ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைக்கிறேன். இது நேரம் பிடிக்கும் வேலை, ஆனாலும் விடுவதில்லை. உடனே செய்து முடிக்க வேண்டிய ஒரு வேலை கையில் இருந்தவர்களுக்கு எல்லாம் நினைவிருக்கிறது. இல்லாதவர்கள் மறந்துவிட்டிருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு சிறு வேலையை நானே கொடுத்துவிடுகிறேன்.

ராமநாதபுரத்து அக்கா அண்மையில் தாமாகவே அழைத்தார். இப்போது திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு வேலை, 78 பாகைக் கோட்டின் இரு பக்கமும் கண்மாய்கள் இருக்கின்றன. 43ஆ, 44ஆ என்று கேட்டார். கோட்டை ஒட்டித்தான் இருக்கின்றன என்றால் இரண்டில் எதை எடுத்தாலும் நூறு ஹெக்டேருக்குக் கால் ஹெக்டேர் வித்தியாசம்கூட வராது, ஒன்றை எடுத்துக்கொண்டு எல்லாக் கண்மாய்க்கும் அதையே வையுங்கள், எதை வைத்தீர்கள் என்று வரைபடத்தின் அடியில் எழுதிவிடுங்கள் என்றேன். "எழுதிவிட்டேன் சார். எந்தச் செயற்கூறில் பரப்பு எடுத்தேன் என்பதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்" என்றார்.