ஜூஹுவுக்குப் பைகள் வைத்த ஒரு விரிப்பு

எங்கள் வீட்டில் எல்லோருமாக மும்பையின் ஜூஹு கடற்கரைக்குக் கிளம்பினால், கடைசியில் மூட்டைக்குக் காவல் நான்தான். அத்தையின் மூக்குக் கண்ணாடி, இவருடைய ரயில் பாஸ், மகளின் ஹேர் கிளிப், மகன் பொறுக்கிவரும் கிளிஞ்சல் என்று ஒவ்வொன்றாக என் மடிக்கு வந்து சேரும். தனித்தனியாகக் கொடுப்பவர்கள், திரும்பக் கேட்கும்போது மட்டும் ஒரே நேரத்தில் கேட்பார்கள். கைப்பைக்குள் கைவிட்டால் கண்ணாடிக்குப் பதில் சீப்பு வரும், சீப்புக்குப் பதில் பேல் பூரியின் பொரி வரும். நானும் அலையில் கால் நனைக்க வேண்டுமென்றால் வேறொருவரைக் காவலுக்கு உட்கார வைக்க வேண்டும். அந்த வேறொருவர் எப்போது பார்த்தாலும் "இதோ வந்துவிட்டேன்" என்று சொல்லியபடியே முழங்கால் தண்ணீரில் நிற்பார்.

ஆகவே, பை சுமக்கும் வேலையை விரிப்பிடமே ஒப்படைத்துவிடுவது என்று தீர்மானித்தேன். வீட்டில் மிஷின் இருக்கிறது, கைக்குத் தையலும் வரும். கடையில் ஆயத்தமாக விற்கும் விரிப்புகளையும் பார்த்தேன். ஓரத்தில் ஒரே ஒரு பை, அதுவும் சாவிக்கொத்து நுழையும் அளவுக்கு. எங்கள் வீட்டுக் கூட்டத்துக்கு அது எந்த மூலைக்கு?

முதலில் துணி. கடற்கரை என்றதும் டர்க்கி டவலைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அதன் சுருள் நூலுக்குள் புகுந்த மணல் எத்தனை துவைத்தாலும் கிளம்பாது. எங்கள் பரணில் கல்யாணத்துக்கு வந்த பவானி ஜமுக்காளம் ஒன்று இருக்கிறது. புவிசார் குறியீடு பெற்ற சரக்கு, கூடத்தில் விரித்தால் கண்ணுக்கு அத்தனை லட்சணம். ஆனால் ஈர மணலில் போட்டால் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு, வீட்டுக்குத் தூக்கிவர இன்னொரு ஆள் கேட்கும். நமக்கு வேண்டியது நெருக்கமான நெசவு, வழவழப்பான மேற்பரப்பு. ஓர் உதறலில் மணல் கீழே விழ வேண்டும்.

துணிக்கடைகள் நிறைந்த மங்கள்தாஸ் மார்க்கெட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அதனால் ஒரு சனிக்கிழமை மாட்டுங்காவில் ரயில் ஏறி சி.எஸ்.எம்.டி. ரயில் முனையத்தில் இறங்கி நடந்தேன். அந்தச் சந்துகளில் கடைக்காரர் சுருள் சுருளாகத் துணியை உருட்டிப் போட்டுக்கொண்டே இருப்பார். நமக்குத்தான் மனத்தில் கணக்குத் தெளிவாக இருக்க வேண்டும். நான் கேட்டது சோபா உறைக்குப் போடும் கெட்டிப் பருத்தி. விரித்துக் காட்டிய ஒவ்வொன்றையும் ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். வெளிச்சம் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தால், ஜூஹுவின் பொடி மணல் அந்தப் பொட்டுகள் வழியாக வந்துவிடும். கடைக்காரருக்குச் சிரிப்பு. "மேடம், சோபாவுக்கு இவ்வளவு சோதனையா?" என்று இந்தியில் கேட்டார். சோபாவில் அலை அடிக்காது என்று சொல்லிவிட்டு அடுத்த சுருளை எடுக்கச் சொன்னேன்.

கடைசியில் எடுத்தது செங்கல் நிறமும் கடுகு மஞ்சளும் கலந்த பெரிய கட்டம். கறுப்பு நிறம் வெயிலில் தோசைக்கல்லாகிவிடும். வெள்ளை, பாவ் பாஜி பட்டதும் கெட்டுவிடும். புளிச் சட்னிக் கறையைத் தனக்குள் மறைத்துக்கொள்ளும் நிறம்தான் கடற்கரைக்கு லாயக்கு. கட்டம் போட்ட துணியில் இன்னொரு சௌகரியம்: சாக்பீஸால் கோடு இழுக்காமலே, கட்டத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நேராக வெட்டிவிடலாம். 58 அங்குல அகலத்தில் இரண்டே முக்கால் மீட்டர் வாங்கினேன். இரண்டு மீட்டர் விரிப்புக்கு, மீதி பைகளுக்கு. அடித்துணிக்கு, மழைக்கோட்டுக்குப் போடும் பாராசூட் துணி அதே அகலத்தில் இரண்டு மீட்டர். இந்த அகலத்தில் எடுத்தால் நடுவில் ஒட்டுத் தையல் வராது. ஒட்டுத் தையல் இருக்கும் இடத்தில்தான் ஈரம் ஏறும், முதுகுக்கும் உறுத்தும்.

பருத்தியை வெட்டுவதற்கு முன்னால் ஓர் இரவு ஊறவைத்துக் காயப்போட வேண்டும். பருத்தி சுருங்கும், பாராசூட் துணி சுருங்காது. ஊறவைக்காமல் இரண்டையும் சேர்த்துத் தைத்தால், முதல் துவைப்பிலேயே மேல்துணி இழுத்துக்கொள்ள, அடித்துணி உப்பிக்கொண்டு நிற்கும். நூலும் பாலியெஸ்டராக இருக்கட்டும். பருத்தி நூலை வெயிலும் ஈரமும் சேர்ந்து சீக்கிரம் இற்றுப்போக வைத்துவிடும். ஊசி 16 நம்பர்.

இனி பை. யோசித்துச் செய்ய வேண்டிய இடம் இதுதான்.

சுவரில் மாட்டும் பைக்கு வாய் மேலே இருக்கும், பொருள் கீழே இறங்கும். தரையில் கிடக்கும் பைக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. காற்றும், நடந்து போகிறவர்களின் காலும்தான் அதற்குத் திசை. பையின் வாய் வெளிப்பக்கம் பார்த்தால், பக்கத்தில் ஓடுகிற பிள்ளைகள் கிளப்பும் மணல் எல்லாம் நேரே உள்ளே போகும். வாய் உள்பக்கமாக, உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து இருக்க வேண்டும். அப்போது விரிப்பின் நடுவைப் பிடித்துத் தூக்கினால், ஓரம் தொங்கும், பையின் வாய் தானாக மேல்நோக்கி நிற்கும், எதுவும் கொட்டாது.

அடுத்த சங்கடம் உதறுவது. பையோடு சேர்த்து உதறினால் கண்ணாடி பறக்கும். உதறாமல் மடித்தால் பாதிக் கடற்கரை வீட்டுக்கு வரும். மூன்றாவதாக, பையை விரிப்பின் மேல் வைத்து இரண்டு துணிக்கும் சேர்த்துத் தைத்தால், ஊசி இறங்கிய ஒவ்வோர் இடத்திலும் அடித்துணியில் ஒரு துளை விழும். தண்ணீர் புகாத துணி வாங்கி, அதில் நாமே நூறு வழி திறந்துவிட்டதாக ஆகும்.

இந்த மூன்றுக்கும் சேர்த்து நான் கண்ட வழி, பைகளைத் தனிப் பட்டியாகத் தைப்பது. 52 அங்குல நீளம், 10 அங்குல அகலம். விரிப்பின் குறுகிய ஓரத்தில் பெரிய பட்டன்களால் மாட்டிக்கொள்ளலாம். கிளம்பும்போது பட்டனைக் கழற்றி, பட்டியை அப்படியே தோளில் போட்டுக்கொண்டு, விரிப்பை மட்டும் இரண்டு பேர் பிடித்து உதற வேண்டியதுதான். பட்டன் தைக்கும் இடத்தில் அடிப்பக்கம் ஒரு சின்னச் சட்டைப் பட்டனை வைத்து, இரண்டையும் சேர்த்துத் தைத்தேன். கோட்டுத் தைப்பவர்கள் இப்படித்தான் செய்வார்கள்; இழுத்தாலும் துணி கிழியாது.

பட்டிக்கு மேல் வைக்கும் பைத்துணியைப் பட்டியின் நீளத்துக்கே வெட்டினால், பை தட்டையாகக் கிடக்கும், கைக்குட்டைக்கு மேல் ஒன்றும் நுழையாது. ஆகவே துணியின் முழு அகலத்தையும் எடுத்தேன். நனைத்ததில் சுருங்கியது போக மீதமிருந்த ஐந்து அங்குலத்தையும் பைகளின் அடியில் மடிப்பாகப் பிடித்தேன். ஐந்து பைகள். ஓரத்தில் இருப்பது அத்தைக்கு: கண்ணாடிக் கூடு, மூட்டுவலித் தைலம். அடுத்தது இவருக்கு, மடித்த செய்தித்தாளின் அகலத்துக்கு அளந்து தைத்தது. அரபிக் கடல் முன்னால் விரிந்து கிடக்க, இவர் பங்குச்சந்தைப் பக்கத்தை விரித்துக்கொள்வார். அதை மாற்ற என்னால் ஆகாது. மூன்றாவது மகளுக்கு. நான்காவது மகனுக்கு. அதை மட்டும், ஃபிரிட்ஜில் காய்கறி போட்டு வைக்கும் வலைப்பை ஒன்றை வெட்டித் தைத்தேன். கிளிஞ்சலோடு வரும் மணல் வலை வழியாகக் கீழே கொட்டிவிடும். ஐந்தாவது எனக்கு: வறுத்த வேர்க்கடலைப் பொட்டலமும் ஒரு வார இதழும்.

எந்தப் பைக்கும் ஜிப் வைக்கவில்லை. உலோக ஜிப் உப்புக் காற்றில் பூத்துப்போகும். நைலான் ஜிப்பின் பல்லுக்குள் மணல் சிக்கினால் ஓட்டம் நின்றுவிடும். வெல்க்ரோவின் முள்ளும் மணலால் அடைத்துக்கொண்டால் பிடிப்பு போய்விடும். மூடுவதற்கு மேலே ஒரு மடல், அதற்கு ஒரு பட்டன். காஜா கையால் போட்டது, கொஞ்சம் கோணல்தான்.

பாராசூட் துணியைத் தைப்பதற்குத் தனிப் பொறுமை வேண்டும். குண்டூசி குத்தினால் ஓட்டை ஓட்டைதான், ஆறாது. துணி காயப்போடும் கிளிப்பைத்தான் வரிசையாக மாட்டிக்கொண்டேன். இஸ்திரி வைத்தால் பூச்சு உருகும். மடிப்பை நகத்தாலேயே கீறி அழுத்த வேண்டும். பூச்சுப் பக்கம், துணியை அழுத்திப் பிடிக்கும் மிஷினின் காலில் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தால், மேலே ஒரு பட்டர் பேப்பரை வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்து எடுத்துவிடலாம். தையலையும் பொடியாகப் போடக் கூடாது. பொடித் தையல் போட்டால், தபால்தலை கிழிக்கத் துளை போட்டு வைத்ததைப் போல அந்த வரியோடு துணி பிய்ந்து வரும். நான் நான்கு மில்லிமீட்டருக்கு வைத்துக்கொண்டேன். இரண்டு துணிகளின் நல்ல பக்கங்களையும் முகம் பார்க்க வைத்துச் சுற்றிலும் தைத்து, ஒரு சாண் இடம் விட்டு, அதன் வழியாகப் புரட்டி எடுத்து, ஓரத்தில் மறுபடி ஒரு தையல் ஓட்டினால் விரிப்பு தயார். ஓரத் தையலின் மேல் மெழுகுவர்த்தியை அழுத்தித் தேய்த்துவிட்டால் ஈரம் சட்டென்று ஏறாது.

மூலையில்தான் என் வீட்டு மிஷின் முரண்டு பிடித்தது. மடிப்பின் மேல் மடிப்பு விழும் இடம். ஊசி இறங்காமல் முனகியது. தாராவியில் 90 அடி ரோட்டுப் பக்கம் பள்ளிக்கூடப் பை தைக்கும் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார், எங்களுக்குப் பழக்கம். அவரிடம் எடுத்துப் போனேன். பெரிய மிஷினில் இரண்டு நிமிடத்தில் ஓட்டிக் கொடுத்துவிடுவார் என்று நினைத்தால், மனிதர் மூலையை ஒரு இரும்புத் துண்டின் மேல் வைத்து, சின்னச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினார். பாறையாக நின்ற மடிப்பு பட்டென்று படிந்துவிட்டது. "இப்போது உங்கள் மிஷினே தைக்கும் தங்கச்சி. மோட்டாரைப் போடாதீர்கள், சக்கரத்தைக் கையால் திருப்புங்கள்" என்றார். கூலி வாங்க மறுத்துவிட்டார். விரிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பட்டியின் பட்டனைக் கழற்றி மாட்டிப் பார்த்து, "இந்த யோசனை எங்கள் முதலாளிக்குத் தெரிந்தால் ஆயிரம் உருப்படி போட்டுவிடுவார்" என்று மட்டும் சொன்னார். வீட்டுக்கு வந்து நானும் அம்மிக்குழவியின் மேல் வைத்து மற்ற மூன்று மூலைகளையும் தட்டினேன். தட்டிய பிறகு ஊசி மறுபேச்சில்லாமல் இறங்கியது.

அந்த மூலைகளின் அடிப்பக்கத்தில் முக்கோணமாகச் சின்னப் பைகள் உண்டு. பொருள் வைக்க அல்ல, மணல் போட. மாலையில் கடற்காற்று எழும்பினால் விரிப்பின் ஓரம் முகத்தில் வந்து அடிக்கும். செருப்பையும் தண்ணீர்ப் பாட்டிலையும் பாரம் வைப்பது எல்லோரும் செய்கிற வேலை, அவை இரண்டும் எந்த நேரமும் யாருக்காவது வேண்டியிருக்கும். மூலைக்கு இரண்டு கைப்பிடி ஈர மணல் போட்டால் விரிப்பு அசையாது. கிளம்பும்போது கவிழ்த்தால் கொட்டிவிடும்.

மாட்டுங்கா ரோடு ஸ்டேஷனில் ஸ்லோ வண்டி, விலே பார்லேயில் இறங்கி ஆட்டோ, ஜூஹு. விரிப்பதற்கு முன் அலை ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மும்பையில் ஒரு நாளைக்கு இரண்டு முறை கடல் ஏறி இரண்டு முறை இறங்கும். நேரம் தினமும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளிப் போகும். மழைக்காலத்தில் 4.5 மீட்டருக்கு மேல் எழும் நாள்களின் பட்டியலை மாநகராட்சி முன்கூட்டியே வெளியிட்டுவிடும், அந்த மாதங்களில் நாங்கள் கடல் பக்கமே போவதில்லை. மற்ற மாதங்களிலும் ஜூஹுவின் மணல் அவ்வளவு சமதளம். கொஞ்சம் ஏறினாலே தண்ணீர் வெகுதூரம் உள்ளே வந்துவிடும். ஈர மணலின் கோட்டைத் தாண்டி மேலே விரித்தோம், பைப் பட்டி கரைப் பக்கமாக.

கேட்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பை வைத்துவிட்டதால் திருடன் வராமல் இருக்க மாட்டான். போனும் பணமும் உடம்போடு இருக்க வேண்டும். வீட்டுச் சாவிக்கு மட்டும் விரிப்பின் நடுவில், மேல்துணியோடு மட்டும் சேர்த்துத் தட்டையாக ஒரு பை வைத்திருக்கிறேன். அதன் மேல் அத்தை உட்கார்ந்துவிடுவார். அத்தையை எழுப்ப எங்களாலேயே முடியாது, திருடனால் எப்படி முடியும்?

மகள் தண்ணீரிலிருந்து ஓடி வந்து, "அம்மா, என் சீப்பு எங்கே?" என்று வழக்கம்போல ஆரம்பித்தாள். மூன்றாவது பை என்றேன். இவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பேப்பரைத் தேடினார். இரண்டாவது பை என்று அத்தையே சொல்லிவிட்டார். நான் புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு அலைக்குப் போய்விட்டேன், திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பட்டியையும் விரிப்பையும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும், சோம்பல்பட்டுத் தள்ளிப்போடக் கூடாது. துணியில் தங்கிய உப்பு காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மும்பைக் காற்றில் அது ஒருநாளும் முழுசாகக் காயாது, கரும்புள்ளி விழுந்துவிடும். அடித்துணியை வெளிப்பக்கம் வைத்து நிழலில் காயப்போட்டு, நன்றாகக் காய்ந்த பிறகே மடிக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு குஜராத்தி அம்மாள் தனக்கும் ஒன்று தைத்துத் தரச் சொல்லிக் கேட்டார், ஏழு பைகளோடு. வெட்டிய காகித அளவை அப்படியே கொடுத்தனுப்பிவிட்டேன். மிஷின் அவர் வீட்டிலும் இருக்கிறது.