சட்டைத் துணி வெட்டிய கூறை

யாழ்ப்பாணம் பெரியகடைப் பக்கத்தில் ஒரு புடவைக் கடையில் ஆறு வருடம் வேலை செய்தேன். சேர்ந்த முதல் கிழமை சீலை மடிக்கப் பழக்கினார்கள். இரண்டாம் கிழமை கதைக்கப் பழக்கினார்கள். எந்தச் சீலையை விரிக்கும்போது எந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும் என்று அங்கே எழுதப்படாத பாடம் ஒன்று இருந்தது. நூல் சீலை என்றால் "உடம்புக்குக் குளிர்மை". மலிவான சீலை என்றால் "கசங்காது, இஸ்திரிக்கை தேவையில்லை". மேல் தட்டில் பெட்டியோடு இருப்பவை எல்லாம் "அசல் காஞ்சிபுரம்". நாளுக்கு ஐம்பது தரம் சொல்லியிருப்பேன். சொல்லச் சொல்ல அது ஒரு விபரம் என்பதே மறந்துவிடும். "வாங்கோ, இருங்கோ" என்பது மாதிரி அதுவும் ஒரு வரவேற்பு வார்த்தை ஆகிவிடும்.

நல்லூர்த் திருவிழா நடக்கும் இருபத்தைந்து நாளும் கடையில் மூச்சுவிட நேரம் இராது. திருவிழாவுக்கு வந்த வெளிநாட்டுக்காரர், ஆடி கழிந்து ஆவணியில் கல்யாணம் வைத்திருக்கும் ஊர்க்காரர் என்று எல்லோரும் ஒன்றாக வருவார்கள். வெளிநாட்டில் இருந்து வந்தவர்கள் விலையைப் பிராங்குக்கும் டொலருக்கும் மாற்றிப் பார்த்துச் சிரிப்பார்கள். ஊர்க்காரர் சீலையை விரிக்க முன்னமே விலை ஒட்டைத் திருப்பிப் பார்ப்பார்கள். அந்த அன்ரி இரண்டாவது வகை. தென்மராட்சிப் பக்கம். மகனின் கல்யாணத்துக்குக் கூறைச் சீலை எடுக்க, நல்ல நேரம் பார்த்து, நாலைந்து பெண்களோடு வந்திருந்தார். இரண்டு மணித்தியாலம் பார்த்து, அரக்கு நிறத்தில் ஒன்றை எடுத்தார். நாற்பத்திரண்டாயிரம் ரூபாய். காசை எண்ணிக் கொடுக்க முன்னம் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பிள்ளை, இது பட்டுத்தானே?"

"அசல் பட்டு அன்ரி. சரிகையும் வெள்ளிச் சரிகை."

பற்றுச்சீட்டுத் துண்டில் எழுதியது "சீலை 1" என்று மட்டும்.

ஒன்பதாம் நாள் காலை அவர் தனியாக வந்தார். சத்தம் போடவில்லை. கடையில் சத்தம் போடுகிறவர்களைச் சமாளிக்க எங்களுக்குத் தெரியும். ஒரு சோடாவை உடைத்துக் கொடுத்து இருத்திவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். இவர் சோடா வேண்டாம் என்றார். பையில் இருந்து சீலையை எடுத்து மேசையில் வைத்தார். அதன் மேலே, அதிலிருந்து வெட்டிய சட்டைத் துணியையும் வைத்தார்.

நடந்தது இதுதான். சட்டை தைக்கக் கொடுத்த இடத்தில், துணியை அழுத்தும்போது இஸ்திரிக்கைப் பெட்டியில் ஒட்டிப் பிடித்திருக்கிறது. தையல்காரப் பெண் விளிம்பில் இரண்டு நூலை உருவிக் கொளுத்திப் பார்த்துவிட்டு, "அக்கா, இது பட்டில்லை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

முதலாளி சிரித்தபடிதான் தொடங்கினார். வெட்டின சாமானை எந்தக் கடையும் திருப்பி எடுக்காது, துண்டிலேயே அடித்திருக்கிறது, வேண்டுமென்றால் இந்தக் காசுக்கு வேறு சீலை பாருங்கோ என்றார். துண்டின் அடியில் "விற்ற பொருள் மீளப் பெறப்பட மாட்டாது" என்ற வரி உண்மையாகவே இருந்தது. ஆனால் அது காசு கட்டிய பிறகு கைக்கு வரும் துண்டு. காசு கட்ட முன்னம் கைக்கு வந்தது என் வார்த்தை.

"வெட்டாமல் எப்பிடித் தம்பி தெரியும்?" என்று கேட்டார் அன்ரி. முதலாளியிடம் அதற்கு மறுமொழி இருக்கவில்லை. எனக்கு இன்றைக்கும் ஒரு மறுமொழி தோன்றவில்லை.

பிறகு அவர் நெருப்புப் பெட்டி கேட்டார். சாமிப் படத்தடியில் இருந்ததை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். தேத்தண்ணீர்க் கோப்பையின் தட்டில் நூலைப் போட்டுப் பற்ற வைத்தார். அது சுருண்டு, உருகி, கறுப்பு மணி மாதிரி இறுகியது. பிளாஸ்ரிக் மணம். உண்மைப் பட்டு இப்படி எரியாது. மெதுவாகக் கருகும், தலைமயிர் எரிந்த மணம் வரும், நெருப்பை எடுத்தால் தானாக அணைந்துவிடும், சாம்பலைத் தொட்டால் பொடியாகும். நீளத்துக்கு ஓடும் பாவு நூல், குறுக்கே ஓடும் ஊடை நூல் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ஒன்று பட்டாகவும் மற்றது கலப்பாகவும் இருக்கலாம். அன்ரி இரண்டையும் கொளுத்தினார். இரண்டும் மணியாகத்தான் வந்தன. சரிகையை நகத்தால் சுரண்டிக் காட்டினார். காஞ்சிபுரத்து நல்ல சரிகையில் சிவப்புப் பட்டு நூலின் மேல்தான் வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசுவார்கள்; சுரண்டினால் உள்ளே சிவப்பு தெரியும். இதில் தெரிந்தது வெள்ளை நூல்.

இதெல்லாம் புடவைக் கடையில் வேலை செய்யும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது. இந்தியாவில் அசல் பட்டுக்குப் பட்டு முத்திரை என்று ஒளிரும் ஒட்டு ஒன்று 2004 முதல் இருக்கிறது. அந்தச் சீலையில் அது இருக்கவில்லை. நான் தேடியதும் இல்லை. முதலாளி தனக்கும் தெரியாது, கொழும்பில் எடுத்த சரக்கு என்றார். பாதி உண்மையாக இருக்கலாம். நாற்பத்திரண்டாயிரத்துக்கு விற்பதை எவ்வளவுக்கு எடுத்தோம் என்பது ஒரு வியாபாரிக்குத் தெரியாமல் இராது. அந்த விலைக்குப் பட்டு வருமா வராதா என்பதும் தெரியாமல் இராது.

அன்ரியின் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், வேலை செய்கிறவராம். அவர் எழுதிக் கொடுத்த தாளை அன்ரி மேசையில் விரித்தார். 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு, விசாரித்த பிறகு நட்டஈடோ மாற்றுப் பொருளோ காசோ கொடுக்கச் சொல்லி உத்தரவிடலாம், தொலைபேசி இலக்கம் 1977. அவ்வளவும் நாலு வரியில் இருந்தது. பிறகு ஆறுதலாக நானும் அந்தச் சட்டத்தைத் தேடி வாசித்தேன். பொருளின் தரம், கலவை பற்றி வியாபாரி பொய்யாகச் சொல்லக்கூடாது என்று அதில் இருக்கிறது. கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. அதற்கும் நூறு வருடத்துக்கு மேல் முந்திய, 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலேயே, விபரம் சொல்லி விற்ற பொருள் அந்த விபரத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதுவரைக்கும் துண்டில் எழுதுவதுதான் கணக்கு, வாயால் சொல்வது காற்றோடு போய்விடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு இதொன்றும் தெரியாது. முதலாளி தாளை வாசித்தார். திரும்பவும் துண்டைப் பார்த்தார். "இதிலை பட்டு எண்டு எங்கையும் எழுதேல்லையே அக்கா" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இஞ்சை வா பிள்ளை. நீ என்ன சொல்லி வித்தனீ?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மற்றப் பிள்ளைகள் சீலை மடிப்பதை நிறுத்திவிட்டார்கள். அவர் எதை எதிர்பார்த்தார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். "சீலை எண்டு மட்டும்தான் சொன்னனான்" என்றால் போதும். துண்டும் என் சொல்லும் ஒத்துப்போய்விடும். அன்ரியின் பக்கம் சாட்சிக்கு அவரோடு வந்த சொந்தக்காரர்கள் மட்டும்தான்.

"அசல் பட்டு எண்டுதான் சொன்னனான் முதலாளி."

"நீங்கள் அப்பிடித்தான் சொல்லச் சொன்னனீங்கள்" என்பதும் வாய்வரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டேன். வீட்டில் அப்பாவுக்கு வேலை இல்லாத காலம் அது. துணிவு என்று சொல்லிக்கொள்ள அதில் ஒன்றுமில்லை, பாதியைத்தான் சொன்னேன்.

முதலாளி லாச்சியைத் திறந்து காசை எண்ணினார். முழுக்காசும். சட்டைத் துணிக்கென்று ஒரு சதமும் கழிக்கவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. "எங்கடை கடைக்கு வந்த ஆக்களை நாங்கள் மனம் நோகப் பண்ணுறதில்லை" என்றார், ஏதோ தானம் கொடுப்பது மாதிரி. அன்ரி இரண்டு தரம் எண்ணிப் பைக்குள் வைத்தார். கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. இனி வேறு கூறை பார்த்து, அதற்குச் சட்டை தைத்து... அந்த நாட்களை யார் திருப்பிக் கொடுப்பது? போகும்போது என்னிடம் "வாறன் பிள்ளை" என்றார். கோபமாகச் சொன்னாரா, சும்மா சொன்னாரா என்று பிடிபடவில்லை.

என்னை ஒருவரும் ஏசவில்லை. அடுத்த திங்கள் முதல் நான் பிள்ளைகளின் உடுப்புப் பகுதியில் நின்றேன், அவ்வளவுதான். அங்கே "அசல்" என்று சொல்ல ஒன்றும் இல்லை. அளவு சரியா, சாயம் போகுமா என்றுதான் கேட்பார்கள். தெரியாவிட்டால் தெரியாது என்பேன்.

திரும்பி வந்த சீலை மூன்று கிழமை களஞ்சியத்தில் கிடந்தது. பிறகு முதலாளி அதை என் மேசைக்கு அனுப்பி, "விலையைக் குறைச்சு ஒட்டு" என்றார். என்ன எழுதுவது என்று சொல்லவில்லை. நானாகவே எழுதினேன்: "பட்டு அல்ல. சட்டைத் துணி இல்லை. ரூ. 6,500." அவர் அந்தப் பக்கம் வந்தபோது நின்று வாசித்தார். ஒன்றும் கதைக்காமல் போனார்.

இரண்டாம் நாளே விற்றுவிட்டது. வாங்கியவர் ஒரு ரீச்சர். ஒட்டை வாசித்துவிட்டுச் சீலையைக் கையில் கசக்கிப் பார்த்தார்.

"நல்லதாப் போச்சு, இதெண்டா வீட்டிலையே தோய்க்கலாம்" என்றார்.