தவழும் உயரத்தில் ஒரு பழைய வீடு

பழைய வீடு ஒன்றை வாங்கிக் குடிபோகிறோம் என்று கேள்விப்பட்டுப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அண்ணாந்துதான் பார்க்கிறார்கள். மேல்தளத்தில் படர்ந்த கறை, நிறம் மங்கிய சுவர், இந்தக் காலத்துக்குப் பொருந்தாத ஜன்னல் என்று அவர்கள் அடுக்கும் குறைகள் அனைத்தும் நிற்கிற மனிதரின் கண் மட்டத்திலோ அதற்கு மேலோ இருப்பவை. எங்கள் குடும்பத்தில் இருவர் அந்த உயரத்தை இன்னும் எட்டவில்லை. மூத்தவளுக்கு நான்கு வயது, இளையவன் தவழ்கிறான். தரையிலிருந்து இரண்டு மூன்று அடிக்குள் அடங்கிவிடுவதுதான் அவர்களுடைய வீடு. ஆகவே, எந்த வேலையை முதலில் எடுப்பது என்று நானும் என் கணவரும் உட்கார்ந்து பேசியபோது, கண்ணை உறுத்துவதை எல்லாம் ஒரு பக்கமும் குழந்தைகளுக்கு ஆபத்தானதை எல்லாம் மறுபக்கமும் எழுதினோம். இரண்டு பக்கங்களிலும் பொதுவாக இருந்தவை மிகவும் குறைவு.

ஆபத்துப் பட்டியலின் தலையில் இருந்தது பெயிண்ட். நிறத்துக்காகவும், சீக்கிரம் உலர்வதற்காகவும், வெயில் மழையைத் தாங்குவதற்காகவும் எண்ணெய் பெயிண்ட்டுகளில் ஈயம் சேர்ப்பது உலகெங்கும் நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. பளிச்சென்ற மஞ்சளையும் ஆரஞ்சையும் தந்தது ஈயக் குரோமேட். இரும்புக் கம்பிகள் துருப்பிடிக்காமல் இருக்க முதல் பூச்சாக அடிக்கப்பட்டது ஈயச் செந்தூரம். அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்ட்டுகளில் இதற்குத் தடை வந்தது 1978-இல்; வேறு பல நாடுகளில் அதற்கும் வெகுகாலம் கழித்துத்தான் வந்தது. உடலுக்குத் தீங்கு செய்யாத ஈய அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயிற்றுக்குள் போகும் ஈயத்தில் பெரியவர்கள் உறிஞ்சுவதைப்போல நான்கைந்து மடங்கைச் சிறு குழந்தைகளின் உடல் உறிஞ்சிக்கொள்கிறது என்றும், வளரும் மூளையை அது குறிப்பாகப் பாதிக்கிறது என்றும் அந்நிறுவனமே சொல்கிறது.

குழந்தை சுவரைப் பெயர்த்துத் தின்றால்தானே ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பெரும்பகுதி தூசியாகத்தான் உள்ளே போகிறது. நன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும் பூச்சு, அடியில் ஈயம் இருந்தாலும், பெரிதாகத் தொல்லை தருவதில்லை. உரிகிற இடமும் உராய்கிற இடமும்தான் கவனிக்க வேண்டியவை. ஜன்னல் கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் சட்டத்தோடு தேய்ந்து மாவாக உதிர்ந்து அடிக்கட்டையில் சேர்கிறது. அந்த அடிக்கட்டையைப் பிடித்துக்கொண்டுதான் எங்கள் இளையவன் எழுந்து நிற்கக் கற்றுக்கொள்கிறான். அவ்விடத்தை நனைத்து, ஒரு பிளேடால் சாய்வாகச் சீவிப் பார்த்தேன். மேலே வெள்ளை, அதற்கடியில் பச்சை, பிறகு ஒரு வெளிறிய நீலம், அதற்கும் கீழே மரத்தை ஒட்டி நல்ல ஆரஞ்சு. எந்த நிறத்தில் ஈயம் இருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது என்பதால், எல்லா அடுக்கும் சேர்ந்த ஒரு சீவலை உறையில் போட்டுப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினோம். ஈயம் இருந்தது.

அதற்குப் பிறகு பெயிண்டரிடம் பேசுவதுதான் கடினமாக இருந்தது. உப்புத்தாளை எடுத்துத் 'தேய்த்துத் தள்ளிவிட்டு' இரண்டு கோட் அடிப்பதுதான் அவருக்குத் தெரிந்த முறை. நன்றாக வேலை செய்கிறவர் என்பதால் நன்றாகவே தேய்க்கவும் செய்வார். இந்த விஷயத்தில் அதைவிடத் தவறான வழி கிடையாது. உலர்ந்த நிலையில் தேய்த்தாலும், தீ காட்டிச் சுரண்டினாலும், அதுவரை சும்மா இருந்த ஈயம் தூசியாகவும் புகையாகவும் மாறி அறை முழுவதும் பரவிவிடும். தண்ணீர் தெளித்து ஈரத்தோடு சுரண்டுவது, தரையில் கனமான பிளாஸ்டிக் விரிப்பு, வேலை நடக்கும் அறைக்குள் குழந்தைகளோ கர்ப்பிணிகளோ நுழையாமல் இருப்பது, மாலையில் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பது, வேலை உடுப்பைத் தனியாகத் துவைப்பது என்று ஒவ்வொன்றாகச் சொன்னோம். அவர் சிரித்தார், இத்தனை வருடமாக இந்தத் தூசியைச் சுவாசித்தவர் அவர்தான் என்பது எனக்குச் சங்கடமாக இருந்தது. முகமூடியை மட்டும் கடைசிவரை கழுத்தில்தான் போட்டிருந்தார்.

பின்புறத் தாழ்வாரத்தின் கூரையில் பழைய கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) சிமென்ட் தகடுகள் கிடந்தன. முழுதாகக் கிடக்கும்வரை அவற்றால் அதிகக் கேடில்லை; உடைத்தாலும் துளையிட்டாலும் அறுத்தாலும்தான் நுண்ணிய இழைகள் காற்றில் கலக்கின்றன, அதன் விளைவு நுரையீரலில் தெரியவரப் பல பத்தாண்டுகள் ஆகலாம். அதற்கென்று பயிற்சி உள்ளவர்கள் வரும்வரை அந்தப் பக்கத்துக் கதவைப் பூட்டிவிட்டோம். அவ்வளவுதான்.

மின்சாரம் வேறு வகை. எங்கள் எலக்ட்ரீசியன், சுவரில் மின்கம்பிகளை மூடிச் செல்லும் மரக் கேசிங்கின் மூடியைக் கழற்றி உள்ளே ஓடிய கம்பியை லேசாக வளைத்தார். ரப்பர் உறை காய்ந்த இலைபோல நொறுங்கிக் கொட்டியது. பிறகு பீங்கான் ஃபியூஸ்களைக் காட்டி, "அக்கா, இதுல ஷாக் அடிச்சா ஃபியூஸ் போகாது, ஆள்தான் போவாங்க" என்றார். கேட்க மிகைபோல இருந்தாலும் அது கணக்கு. ஃபியூஸ் காப்பது கம்பியை. 5 ஆம்பியர் ஃபியூஸ் 5,000 மில்லி ஆம்பியர் வரை பேசாமல் விட்டுவிடும், மனித உடலுக்கோ சில பத்து மில்லி ஆம்பியர்களே உயிராபத்து. ஆட்களைக் காப்பதற்கு இருப்பது ஆர்.சி.சி.பி. எனப்படும் சாதனம். ஃபேஸ் கம்பியில் போகும் மின்னோட்டமும் நியூட்ரல் கம்பியில் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டினால், எங்கோ வேறு வழியாக, ஒருவேளை ஒரு குழந்தையின் வழியாக, மின்சாரம் கசிகிறது என்று கொண்டு 0.3 விநாடிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும்.

பழைய வீட்டில் இதைப் பொருத்தியதும் ஒரு வேடிக்கை நடக்கும். சாதனம் நாளுக்கு நான்குமுறை விழும், அதாவது தானாகவே இணைப்பைத் துண்டிக்கும். ஈரச் சுவருக்குள் ஓடும் கம்பிகள் பல ஆண்டுகளாகக் கசியவிட்டதை அது இப்போதுதான் காட்டிக்கொடுக்கிறது. 'புதுச் சாமான் சரியில்லை' என்று கழற்றிவிட்டு நேரடியாக இணைத்துக்கொள்ளும் வீடுகள் நிறைய உண்டு. காய்ச்சல் காட்டுகிறது என்று தெர்மாமீட்டரை உடைப்பதற்கும் அதற்கும் வேறுபாடில்லை. நாங்கள் ஒவ்வொரு சர்க்யூட்டாகப் பிரித்துத் தேடியபோது, கசிவில் பெரும்பங்கு குளியலறைச் சுவருக்குப் பின்னால் இருப்பது தெரிந்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எர்த், அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் இணைப்பு, இல்லாத வீட்டிலும் ஆர்.சி.சி.பி. வேலை செய்யும், ஆனால் குளிர்சாதனப் பெட்டியின் உடலில் மின்சாரம் ஏறினால், யாராவது தொட்ட பிறகுதான் விழும். எர்த் இருந்தால் யாரும் தொடும் முன்பே விழும். இந்த ஒரு வித்தியாசத்துக்காக முற்றத்தில் புதிதாகக் குழிதோண்டி எர்த் போட்டோம், சமையலறை அலமாரி வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தோம்.

ஓதத்தை, அதாவது சுவரில் ஏறும் ஈரத்தை, பற்றிச் சொல்லாமல் பழைய வீட்டைப் பற்றிப் பேச முடியாது. அடித்தளத்தில் ஈரத்தடுப்பு அடுக்கு இல்லாத காலத்துச் சுவர்கள் மண்ணின் ஈரத்தை உறிஞ்சி ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம்வரை ஏற்றுகின்றன. அங்கே நீர் ஆவியாகி, கொண்டுவந்த உப்பை மட்டும் பூச்சின்மேல் வெள்ளையாகப் பூக்கவிட்டுச் செல்கிறது. பார்த்த கொத்தனார்கள் அனைவரும் சொன்ன மருந்து ஒன்றே: காரையைக் கொத்திவிட்டுச் சிமென்ட் பூசுங்கள். சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியேற விடுவது. சிமென்டும் அதன்மேல் அடிக்கும் பிளாஸ்டிக் பெயிண்ட்டும் அதை அடைத்துவிடுகின்றன. அடைபட்ட ஈரம் எங்கும் போவதில்லை, இன்னும் மேலே ஏறிப் பூச்சு முடியும் இடத்தில் வெளிப்படும், அல்லது உள்ளிருந்தே செங்கல்லை அரிக்கும். எனவே வெளிப்பக்கத்திலிருந்து ஆரம்பித்தோம். சுவரை நோக்கிச் சரிந்திருந்த மண்ணை வெட்டி எதிர்ப்பக்கம் சரியவிட்டோம், உடைந்த மழைநீர்க் குழாயை மாற்றினோம், பெயர்ந்த இடங்களில் மட்டும் சுண்ணாம்பையே பூசினோம். சுண்ணாம்புப் பூச்சு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் மெல்ல மெல்லக் கல்லாகிறது என்பதால் அவசரப்படுத்த முடியாது. சுவர் இன்றும் திட்டுத்திட்டாகத்தான் இருக்கிறது. ஓதமும் பூஞ்சையும் உள்ள அறைகளில் ஆஸ்துமாவும் இருமலும் கூடுதல் என்பதால் குழந்தைகளின் கட்டிலை அந்தச் சுவரிலிருந்து விலக்கி, வீட்டிலேயே உலர்ந்த அறைக்கு மாற்றியிருக்கிறோம்.

அந்த அறையை மட்டும் குடிபோகும் முன்பே முழுவதுமாக முடித்துவிட்டோம். வேலை நடக்கும் வீட்டில் குடியிருக்க வேண்டியவர்களுக்கு நான் உறுதியாகச் சொல்வது இதுதான்: எல்லா அறைகளையும் பாதி பாதி முடிப்பதைவிட, தூசியும் கருவிகளும் எட்டாத ஓர் அறை முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். குழந்தை தூங்கவும், பெரியவர்கள் ஒருவரோடொருவர் சண்டை போடாமல் பத்து நிமிடம் உட்காரவும் அது தேவைப்படுகிறது.

விரிசல்களைப் பற்றி வந்தவர்கள் சொன்ன அளவுக்கு நாங்கள் கவலைப்படவில்லை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் ஒன்றின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி வைத்திருக்கிறோம். முடிக்கனத்தில் அப்படியே நின்றுவிட்டால் அது பழைய கதை. முனை கோட்டைத் தாண்டினாலோ, அகலம் 5 மில்லிமீட்டரை மீறினாலோ கட்டடப் பொறியாளரை அழைக்க வேண்டும். இதுவரை தாண்டவில்லை.

மாடிப்படிக் கைப்பிடியை ஆசாரி மிகவும் மெச்சினார். கடைசல் வேலைப்பாடு உள்ள நல்ல மரம். கம்பங்களுக்கு இடையே 100 மில்லிமீட்டர் பந்து நுழையக் கூடாது என்பது பல நாடுகளின் கட்டட விதி. எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய பந்தே தாராளமாக நுழைகிறது, இளையவனின் தலையும் நுழையும். கம்பங்களை மாற்ற மனம் வராமல், ஒவ்வோர் இடைவெளியிலும் அதே கடைசலில் ஒரு கம்பம் கூடுதலாகச் செய்யச் சொல்லியிருக்கிறோம். அவை வரும்வரை உட்புறமாக இறுக்கிக் கட்டிய வலையும், படியின் மேலும் கீழும் திருகாணி போட்ட இரண்டு தடுப்புக் கதவுகளும் இருக்கின்றன. மூத்தவள் கீழ்க்கதவின் தாழைத் திறக்கக் கற்றுக்கொண்டுவிட்டதால், நேற்று அதைக் கதவின் மறுபக்கத்துக்கு மாற்றினோம்.