ரூட்டிங் வேகக் கணக்கில் மதிப்பெண் எங்கே போகிறது?

இணைக் கணினிப் பாடத்தில் ரூட்டிங் (நோடுகளுக்கிடையே, அதாவது இணைக்கப்பட்ட கணினிகளுக்கிடையே, மெசேஜை வழிநடத்துவது) நேரக் கணக்கு வந்தால், சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர்கள்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். மெசேஜ் நீளத்தை ஹாப் (ஒரு நோடிலிருந்து அடுத்த நோடுக்குத் தாவும் ஒரு படி) எண்ணிக்கையோடு பெருக்க வேண்டுமா, கூடாதா என்பதில்தான் குழப்பம்.

64 நோடு ஹைப்பர்கியூப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு நோடுக்கும் 6 பிட் முகவரி, ஒரே ஒரு பிட் வேறுபடும் நோடுகளுக்கிடையே லிங்க். அதிகபட்சத் தூரம் 6 ஹாப். மெசேஜ் 1024 பைட், லிங்கில் பைட்டுக்கு 1 நானோசெகண்டு, ஹாப்புக்கு 10, தொடக்கச் செலவு 100 என்று வைப்போம். ஸ்டோர் அண்ட் ஃபார்வர்டில் மெசேஜ் முழுதாக வந்து சேர்ந்த பிறகே அடுத்த நோடுக்குக் கிளம்பும்: 100 + 6 × (1024 + 10) = 6304. கட்-த்ரூவில் தலை முன்னே போக, உடல் ரயில் பெட்டிபோல் பின்னாலேயே வரும்: 100 + 6 × 10 + 1024 = 1184. இதையே 10 பைட் மெசேஜுக்குப் போட்டால் 220, 170. வித்தியாசம் சுருங்கிவிட்டது, பாருங்கள். 'எது வேகம்' என்ற கேள்விக்கு மெசேஜ் நீளத்தைச் சொல்லாமல் பதில் எழுதாதீர்கள்.

வழி கண்டுபிடிக்க ஈ-கியூப் முறை: இரு முகவரிகளையும் எக்ஸார் செய்யுங்கள் (பிட் வேறுபட்டால் 1, ஒன்றாக இருந்தால் 0). 010110, 110011 என்றால் 100101. மூன்று 1, ஆகவே 3 ஹாப். வலமிருந்து ஒவ்வொரு பிட்டாக மாற்றினால் 010111, 010011, 110011. இடைநோடுகளையும் எழுதிவிடுங்கள், மதிப்பெண் அங்கேதான்.

மேலே போட்ட கணக்கில் நெரிசலே கிடையாது. கடினமான கேள்வி அதைத்தான் தொடும். முகவரியை மும்மூன்று பிட்டாகப் பிரித்து, (அ, ஆ) நோடு (ஆ, அ) நோடுக்கு அனுப்பட்டும். ஈ-கியூப் முதலில் வலப்பாதியைத் திருத்துவதால், முதல் பாதி 'அ' ஆக உள்ள மற்ற 7 நோடுகளின் மெசேஜும் (அ, அ) என்ற ஒரே நோடில் வந்து குவியும். தூரம் 6-ஐத் தாண்டவில்லை, ஆனாலும் வரிசை நிற்கிறது. கணினி அறிவியலாளர் லெஸ்லி வேலியன்ட் 1980களின் தொடக்கத்தில் சொன்ன மாற்று: ஒவ்வொரு மெசேஜையும் முதலில் குருட்டாம்போக்கில் ஒரு நோடுக்கு அனுப்பி, அங்கிருந்து சேருமிடத்துக்கு அனுப்புவது. சராசரித் தூரம் இரட்டிக்கும், கூட்டம் பரவிவிடும்.

டெட்லாக் (மெசேஜ்கள் ஒன்றுக்காக ஒன்று காத்து எல்லாமே நின்றுபோவது) பற்றி ஒரு பொறி. பரிமாண வரிசையில் (ஒரு திசையை முடித்த பிறகே அடுத்த திசை) போனால் மெஷ்ஷில் (கட்டம்போல் அமைந்த வலை) சிக்கல் வராது. எதிரெதிர் ஓரங்களை இணைத்த மெஷ்ஷான டோரஸில் அந்த உறுதி இல்லை: 8 × 8-இல் அதிகபட்சத் தூரம் 14-இலிருந்து 8 ஆகக் குறைவது உண்மைதான், ஆனால் வளைந்து வரும் லிங்க் ஒவ்வொரு வரிசையையும் வளையமாக்கிவிடுகிறது. வோர்ம்ஹோலில் (மெசேஜ் சிறு துண்டுகளாகப் பல நோடுகளில் நீண்டு கிடக்கும் கட்-த்ரூ வகை) ஒவ்வொரு மெசேஜும் ஒரு பஃபரை (தற்காலிகச் சேமிப்பிடம்) பிடித்துக்கொண்டு அடுத்ததற்குக் காத்திருந்தால் வளையமே உறைந்துபோகும். ஒரு லிங்குக்கு 2 விர்ச்சுவல் சேனல் (ஒரே லிங்கைப் பகிரும் தனித்தனி பஃபர்கள்) வைத்து, வளைவு லிங்கைத் தாண்டியதும் இரண்டாவதற்கு மாறுவதாக எழுதுங்கள்.