ஏ-9 வீதியோரக் குப்பையும் மின்சாரமும்

வவுனியாவிலிருந்து ஏ-9 வீதியால் வடக்கே போகிறவர்களின் கண்ணைக் காடும் வயலும் குளக்கட்டும் நிறைத்துவிடும். இம்முறை நான் பார்க்கப் போனது அவற்றையல்ல. இந்த ஊர்களின் வீடுகளும் சந்தைகளும் சாப்பாட்டுக் கடைகளும் நாள்தோறும் கழிக்கின்ற குப்பையை மின்சாரமாக்க வழி உண்டா என்பதை நேரில் பார்த்து அறிய விரும்பினேன்.

மாங்குளத்துக்கு அப்பால், காட்டோரக் குப்பைமேடு ஒன்றில் உழவு இயந்திரப் பெட்டியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். வாழைத்தண்டு, அழுகிய கத்தரிக்காய், கோவா இலை, மீன்செதில், சோறு ஒட்டிய லன்ச் சீற் எல்லாம் ஒன்றாகச் சரிந்தன. முடிச்சிட்ட சொப்பிங் பைகளை மாடுகள் பையோடு இழுத்துத் தின்றதைப் பார்த்து நிற்க முடியவில்லை.

கொழும்பில் மீதொட்டமுல்லைக் குப்பைமலை 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளன்று சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. கொழும்புக்கு அருகே கெரவலப்பிட்டியில் குப்பையை எரித்து, அந்த வெப்பத்தில் நீராவி எழுப்பிச் சுழலியைச் சுற்றவைக்கும் 10 மெகாவாட் நிலையம் 2021இல் இயங்கத் தொடங்கியது. அதுபோல ஒன்று வன்னிக்கும் வேண்டும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அத்தகைய உலைக்கு ஒரு மாநகரத்தின் குப்பை ஒவ்வொரு நாளும் தவறாமல் வந்தாக வேண்டும். நமது குப்பையில் பாதிக்கு மேல் ஈரமான உணவுக் கழிவாக இருப்பதால், எரிக்கும் வெப்பத்தின் பெரும்பங்கு தண்ணீரை வற்றவைப்பதிலேயே போய்விடும். குப்பை எரியும்போது உண்டாகும் டயொக்சின் நஞ்சு அழிய, புகையை 850 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பத்தில் இரண்டு வினாடியாவது வைத்திருக்க வேண்டும். அதன் பின்னரும் வடிகட்டிகள் தேவை. சிறிய பிரதேச சபைகளால் தாங்கக்கூடிய செலவல்ல அது.

ஈரமே பலமாகும் வழியைப் பரந்தனுக்கு உள்ளே ஒரு மாட்டுப்பட்டி வீட்டில் கண்டேன். நிலத்துக்குள் கட்டிய குவிமாடத் தொட்டியில் சாணத்தையும் அடுப்படிக் கழிவையும் தண்ணீரில் கரைத்து விடுகிறார்கள். காற்றுப் புகாத இருட்டில் நுண்ணுயிர்கள் அவற்றைச் செரித்து மெதேன் மிகுந்த வாயுவை வெளிவிடுகின்றன. வீட்டம்மா குழாயைத் திறந்து தீக்குச்சி வைத்ததும் நீலச் சுவாலை சத்தமின்றி எழுந்தது. 2022இல் எரிவாயுச் சிலிண்டருக்கு ஊரே வரிசையில் நின்ற வேளையிலும் இந்த அடுப்பு எரிந்ததாம். வெளிவரும் கரைசல் மிளகாய்க் கன்றுகளுக்குப் பசளையாகப் போகிறது.

“இதில கரண்டும் எடுக்கலாமோ, அம்மா?” என்று கேட்டேன்.

“எங்கட ரெண்டு மாட்டுச் சாணம் அதுக்குக் காணாது, தம்பி. சந்தைக் கழிவு வந்தால் ஏலும். ஆனால் பிளாஸ்ரிக் கலக்காமல் தரவேணும்.”

அவர் சொன்னது முழுக்கச் சரி. தரம் பிரித்த ஒரு தொன் உணவுக் கழிவு ஏறக்குறைய 100 கனமீற்றர் வாயு தரக்கூடும். ஒரு கனமீற்றரிலிருந்து மின்பிறப்பாக்கி சுமார் 2 அலகு மின்சாரம் எடுக்கும். அந்த 200 அலகும் சந்தையின் விளக்குகளுக்கும் தண்ணீர்ப் பம்பிக்கும் தாராளமாகப் போதும். வாயுவிலுள்ள ஐதரசன் சல்பைட்டு இயந்திரத்தை அரித்துவிடும் என்பதால், துருவேறிய இரும்புத் துருவல் நிரப்பிய குழாய் வழியே அதை முதலில் செலுத்த வேண்டும். அதைவிட முன்னதாக வேண்டியது, ஒவ்வொரு மரக்கறிக் கடையின் முன்னும் உக்கும் கழிவுக்கென்று தனி வாளி.